பூத்ததும் பறிக்கலாமா?

மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சில்வர் ஓக் மர நிழலில் செடிகள் மொட்டுகளைச் சுமந்தபடி வாரக்கணக்கில் காத்திருக்கும். ஓரளவு வளர்ந்ததும் மொட்டு உறங்கிவிடுகிறது; வறட்சி அந்த உறக்கத்தைக் காக்கிறது. பிறகு ஒரு கோடை மழை. எட்டு, பத்து நாளில் சரிவெல்லாம் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து மணக்கும். மூன்று, நான்கு நாளில் பூ உதிர்ந்துவிடும். பழம் சிவக்க அதன்பின் எட்டு, ஒன்பது மாதம் ஆகும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, பூத்த அன்றைக்கே கூடையை எடுத்துக்கொண்டு பறிக்கப் போனவர் யாரும் இல்லை.

காப்பிச் செடிக்குக் காட்டும் இந்தப் பொறுமையைப் பெண் பிள்ளைகளுக்குக் காட்டாத ஓர் ஊரின் கதைதான் ‘அயலி’. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் வெளியான எட்டுப் பகுதித் தமிழ்த் தொடர். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்னும் கற்பனை ஊர், காலம் 1990. அங்கே ஒரு பெண் வயதுக்கு வந்தால் படிப்பு நின்றுவிடும், கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். மீறினால் அயலி அம்மனின் கோபம் ஊரையே அழித்துவிடும் என்பது நம்பிக்கை. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்விக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது: தான் பெரியவளானதை யாருக்கும் தெரியாமல் மறைப்பது. தமிழ்ச்செல்வியாக அபி நட்சத்திராவும், தாய் குருவம்மாளாக அனுமோளும் வாழ்ந்திருக்கிறார்கள்.

வெளிவந்தபோது பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் கொலை, துப்பறிதல் தொடர்கள் சென்றடைந்த வீடுகளின் அளவுக்கு இது போய்ச் சேரவில்லை. போய்ச் சேர வேண்டும். அதற்கான காரணத்தை அறிவியல் பக்கமிருந்து சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஊர் ஒரு தீர்ப்பைச் சொல்கிறது, தமிழ்ச்செல்வி வேறொன்றைச் சொல்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி என்று அவளுடைய உடலையே கேட்டுப் பார்ப்போம்.

மூக்கில் பிறக்கும் செல்கள்

தாயின் வயிற்றில் கரு சில வாரங்களே வளர்ந்திருக்கும்போது, மூக்கு உருவாகும் இடத்தில் சில நரம்பு செல்கள் பிறக்கின்றன. அவை அங்கே தங்குவதில்லை. வாசனை நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்து, மூளைக்குள் நுழைந்து, ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் குடியேறுகின்றன. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உண்டு. இவையோ ஓரிரு ஆயிரம்தான். ஆனால் மனித இனம் அடுத்த தலைமுறையைக் காண்பது இந்தச் சிறு கூட்டத்தை நம்பித்தான் இருக்கிறது.

சிலருக்கு இந்தப் பயணம் வழியிலேயே தடைப்பட்டுவிடுகிறது. அவர்களுக்கு வாசனை தெரியாது, பருவ மாற்றங்களும் தாமாக வருவதில்லை. மருத்துவத்தில் இதைக் கால்மன் நோய்க்குறி என்பார்கள்.

ஜிஎன்ஆர்எச் என்னும் ஹார்மோனைச் சுரப்பதுதான் இந்தச் செல்களின் வேலை. குழந்தை பிறந்த முதல் சில மாதங்கள் அவை விழித்திருக்கின்றன. பிறகு வருடக்கணக்கில் அடங்கிவிடுகின்றன. பள்ளிப் பருவத்தின் நடுவில் ஒருநாள் மீண்டும் எழுகின்றன. முதலில் இரவில், பிள்ளை தூங்கும்போது மட்டும். போகப் போகப் பகலிலும்.

ஹார்மோன் சுரந்தால் மட்டும் போதாது, தாளம் தவறாமல் சுரக்க வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1980இல் இதைக் காட்டினார்கள். இன்னும் பருவமடையாத பெண் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை இந்த ஹார்மோனைத் துளித்துளியாகக் கொடுத்தார்கள். அவற்றின் உடலில் பருவச் சுழற்சி தொடங்கிவிட்டது. கொடுப்பதை நிறுத்தியதும் குட்டிப் பருவத்துக்கே திரும்பிவிட்டன. விட்டு விட்டுக் கொடுக்காமல் தொடர்ந்து செலுத்தினால் நேர்மாறாக எல்லாம் அடங்கிப்போகும்.

அந்தச் செல்களை எழுப்புவது எது? 2003இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தன: கிஸ்பெப்டின் என்னும் புரதத்தின் செய்தியை வாங்கிக்கொள்ளும் மரபணு பழுதானால் பருவம் வருவதில்லை. சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி ஊரில் 1996இல் புற்றுநோய் ஆராய்ச்சியின்போது கண்டெடுக்கப்பட்டது கிஸ்பெப்டின் மரபணு. பருவமடைதலின் சாவிகளில் ஒன்று அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இதோடு சத்தான சாப்பாடும் சேர வேண்டும். உடலில் போதிய கொழுப்பு சேர்ந்ததும் கொழுப்புச் செல்கள் லெப்டின் என்னும் ஹார்மோன் வழியாக மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. இவ்வளவும் கூடி வந்த பிறகே உடல் அடுத்த அடி எடுத்துவைக்கிறது.

உடல் சொல்லும் கணக்கு

முதல் மாதவிடாயில்தான் எல்லாம் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வெகுதூரம் வந்த பிறகு தெரியும் அடையாளம். மார்பு வளர்ச்சி அதற்கு இரண்டு, இரண்டரை வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. உயரம் கிடுகிடுவென்று கூடும் காலமும் அதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. இந்தியப் பெண் குழந்தைகளுக்குச் சராசரியாகப் பதின்மூன்று வயதையொட்டி அந்த நாள் வருகிறது. ஊர் கூடிப் பார்ப்பது அதை மட்டும்தான்.

ஆனால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. முதல் ஓரிரு வருடங்களில் பல சுழற்சிகளில் கருமுட்டையே வெளியாவதில்லை. மூளையும் சூலகமும் இன்னும் ஒத்திகைதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குழந்தை வெளிவரும் அளவுக்கு இடுப்பெலும்பு விரிய மேலும் சில வருடங்கள் ஆகும். முன்யோசனையோடு முடிவெடுக்கும் மூளைப் பகுதி முதிர்வது இருபதுகளின் நடுவில்தான். பத்தொன்பது வயதுக்குள் தாயாகும் பெண்களுக்கு, இருபது முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள தாய்மாரைவிட வலிப்பு, பேறுகாலத் தொற்று போன்ற ஆபத்துகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆக, உடலைக் கேட்டால் அது தமிழ்ச்செல்வியின் பக்கம்தான் நிற்கிறது. ‘வயசுக்கு வந்துட்டா, இனி கல்யாணம்தான்’ என்ற பேச்சுக்கு அவளுடைய எலும்பிலும் இல்லை ஆதாரம், சூலகத்திலும் இல்லை, மூளையிலும் இல்லை.

தீட்டு என்று ஒதுக்குவது எதை?

நம் வீட்டுப் பசுவுக்கும் ஆட்டுக்கும் மாதவிடாய் கிடையாது. மனிதர், வாலில்லாக் குரங்குகள், வேறு சில குரங்கினங்கள், சில வௌவால்கள் என்று பாலூட்டிகளில் மிகச் சிலவற்றுக்கே அது உண்டு. கருவை வரவேற்கக் கருப்பை ஒவ்வொரு மாதமும் உள்சுவரில் ஒரு படுக்கையைத் தயார் செய்கிறது. விருந்தாளி வராவிட்டால் அதைக் கலைத்துவிட்டு மறுபடியும் புதிதாக ஆரம்பிக்கிறது. அதில் வெளியேறும் ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 80 மில்லி. அதில் ‘கெட்ட ரத்தம்’ என்று எதுவும் இல்லை. உடலில் ஓடும் அதே ரத்தமும், உதிர்ந்த திசுவும்தான்.

கையில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கிறது. கருப்பையின் உள்சுவரோ ஒரு பெண்ணின் வாழ்நாளில் நானூறு முறைபோலக் கிழிந்து, தழும்பே இல்லாமல் ஆறுகிறது. அது எப்படி முடிகிறது என்று புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இன்றும் உழைக்கிறார்கள். மாதவிடாய் ரத்தத்தில் குருத்தணுக்கள் இருப்பதும் தெரியவந்திருக்கிறது. தீட்டு என்று சொல்லிக் கொல்லைப்புறக் கொட்டகையில் ஒதுக்கிவைத்தது இப்படியொரு அதிசயத்தைத்தான்.

அதே மண்ணில் ஒரு டாக்டர்

தமிழ்ச்செல்வி கற்பனை. ஆனால் அதே புதுக்கோட்டையில், 1886இல் பிறந்த ஒரு பெண் நிஜமாகவே இந்தப் பாதையில் நடந்தார். பூப்பெய்தியதும் அவருக்கும் பள்ளிக்கூடம் நின்றது. பாடம் வீட்டில் தொடர்ந்தது. பின்னர் எதிர்ப்புகளை மீறி மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொண்டார் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்த அந்த டாக்டர், முத்துலட்சுமி ரெட்டி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் உருவாக்கியது. அந்த ஒரு பிள்ளையின் படிப்பு வீட்டோடு நின்றிருந்தால் தமிழ்நாடு எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லிவிடவும் முடியாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு வயது நிறையும் முன்பே திருமணம் நடந்திருக்கிறது. எட்டில் ஒருவர். இந்திய அளவில் இது 23.3 சதவீதம். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் வந்துவிட்டது. சட்டமும் பணமும் வாசல்வரை வரும். வீட்டுக்குள்ளே பேச்சைத் தொடங்கிவைக்க ஒரு நல்ல கதையால் முடியும். அயலி அந்தக் கதை. அதில் வில்லன் என்று ஒரு ஆளைக் காட்டித் தப்பிக்க முடியாது. பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் தாயும் பயத்தால் அதே வழக்கத்துக்குக் காவல் நிற்கிறாள். மகளும் தாயும் எதிரெதிரே நின்று பிறகு ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் இடங்கள்தான் இந்தத் தொடரின் உயிர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பத்து, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை உள்ள வீடுகளில் இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். சில காட்சிகள் கனமானவை. பெரியவர் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆண் பிள்ளைகளையும் எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். அப்பாக்கள் கட்டாயம் பாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் முதலில் தாங்கள் பார்த்துவிட்டு, இந்தக் கதையை வகுப்பில் பேசுங்கள். வயதுக்கு வந்த பிள்ளைக்கு வேண்டியது சத்தான சாப்பாடு, சுத்தமான கழிப்பறை, சரியான தகவல், மறுநாள் காலையில் வழக்கம்போலப் பள்ளிக்கூடம். இவ்வளவுதான்.