கொடுபடாத சீதனம்



1536 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, பனி கொட்டத் தொடங்கிய காலத்தில், ஜேர்மனியில் தன்யூப் நதிக்கரையிலுள்ள நொய்பேர்க் நகரிலிருந்து ஒரு கோமகன் போலந்து நாட்டின் தலைநகராகிய கிராக்கோவை நோக்கிப் புறப்பட்டான். அவன் பெயர் ஒட்ஹைன்ரிக். போகும் வழியிலுள்ள நகரங்களை வரைவதற்கென ஓவியர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றான். ஆயினும் அவன் ஊர் பார்க்கப் போனவனல்லன். கடன் கேட்கப் போனவன். அறுபத்தோராண்டுகளுக்கு முன் தன் பாட்டியார் மணமகளாக வந்தபோது வாக்களிக்கப்பட்ட சீதனம் இன்னும் கொடுபடவில்லை என்பதே அவனுடைய வழக்கு. போலந்தின் அரியணையில் அப்பொழுது வீற்றிருந்தவன் அந்தப் பாட்டியின் தம்பியாகிய முதலாம் சிகிஸ்மண்ட் மன்னன்.

அந்தப் பாட்டியை ஒட்ஹைன்ரிக் கண்ணாற் கண்டதில்லை. அவன் பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னரே அவள் இறந்து விட்டாள். போலந்து மக்கள் அவளை யாத்விகா என்றனர். ஜேர்மானியர் ஹெட்விக் என்றனர். பிறந்த வீட்டில் ஒரு பெயரும் புகுந்த வீட்டில் இன்னொரு பெயருமாக வாழ்ந்த அந்த இராசகுமாரியின் கதையையே இன்று தங்களுக்குக் கூற விழைகின்றேன்.

யாத்விகா 1457 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 21 ஆந் திகதி கிராக்கோவ் நகரிலே பிறந்தாள். தந்தை, போலந்தையும் லித்துவேனியாவையும் ஒருங்கே ஆண்ட நான்காம் கஸிமீர் மன்னன். தாய், ஆஸ்திரிய அரச குலத்தில் வந்த எலிசபெத். இவ்விருவருக்கும் பிறந்த பிள்ளைகள் பதின்மூவர். பெண் மக்களுள் மூத்தவள் யாத்விகா. அவளுடைய சகோதரருள் நால்வர் முடிசூடிய மன்னராயினர். ஒருவர் கத்தோலிக்க திருச்சபையின் கர்தினாலானார். இன்னொருவர் அத்திருச்சபையாற் புனிதராகப் போற்றப்படுகின்றார்.

இந்த யாகியெல்லோ வம்சம் போலந்தின் முடியைப் பெற்றதே ஒரு திருமணத்தினாலேதான். 1386 ஆம் ஆண்டிலே, போலந்தின் முடியைத் தன் சொந்த உரிமையிற் சூடியிருந்த யாத்விகா என்னும் அரசியை லித்துவேனியாவின் யாகியெல்லோ மணந்தான். அத் திருமணமே இரு பெரு நாடுகளை ஒன்றாகப் பிணைத்தது. கஸிமீர், அந்த யாகியெல்லோவுக்குப் பிந்திய ஒரு மனைவி வயிற்றிற் பிறந்தவன். திருமணம் என்பது எத்துணை வலிய அரசியற் கருவி என்பதை அக் குடும்பத்துக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அக்கால அரசர்கள் தம் பெண் மக்களை ஏன் தொலை நாடுகளுக்கு மணஞ்செய்து கொடுத்தார்கள்? இன்றைய நாடுகளைப் போல நிலையான தூதரகங்களை அவர்கள் வைத்திருக்கவில்லை. கைச்சாத்திட்ட உடன்படிக்கை நாளை கிழிக்கப்படலாம். ஆனால், மகள் ஒருத்தி அயலான் அரண்மனையிலே மனைவியாக இருந்தால், அவள் வயிற்றிற் பிறக்கும் பேரன் நாளை அந்நாட்டை ஆள்வான்; உறவு தலைமுறை கடந்து நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே திருமணப் பத்திரம் ஓர் அரசியல் உடன்படிக்கையைப் போலவே எழுதப்பட்டது. பெண் வீட்டார் கொடுக்கும் சீதனம் இவ்வளவு, அதற்கு ஈடாக மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கும் நிலமும் வருவாயும் இவ்வளவு, கணவன் முன்னே இறந்தால் கைம்பெண்ணின் சீவியத்துக்கு உரியவை இவை என்று வரி வரியாக விதிக்கப்பட்டன. எனவே, சீதனம் வெறும் ஆடம்பரமன்று. அந்நிய நாட்டில் தனித்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு அதுவே காப்புமாகும்.

யாத்விகாவின் கையை முதலில் நாடியவர்களுள் ஹங்கேரியின் புகழ் பெற்ற மன்னன் மத்தியாஸும் ஒருவன். அது கைகூடவில்லை. 1471 ஆம் ஆண்டிலே யாத்விகாவின் தமையன் விளாதிஸ்லாவ் போஹேமியாவின் மன்னனாகத் தெரிவு செய்யப்பட்டான். அதே முடியை மத்தியாஸும் உரிமை கோரினான். பெண் கேட்டவன் பகைவனானான். இந்நிலையிலே, போஹேமியாவின் மேற்கெல்லையை அடுத்திருந்த பவேரியாவின் நட்பு கஸிமீருக்கு மிகவும் வேண்டியதாயிற்று. 1453 இல் கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றிய துருக்கர் மேலும் வடக்கே முன்னேறுவர் என்ற அச்சமும் கிறித்தவ அரசர்களை ஒருவரோடொருவர் உறவு கொள்ளத் தூண்டியது.

பவேரியா அப்பொழுது ஒரே நாடாக இருக்கவில்லை. ஒரே குலத்தின் கிளைகள் அதனைப் பிரித்து ஆண்டன. லான்ட்ஸ்ஹூட் நகரைத் தலைநகராகக் கொண்ட கிளையினரை மக்கள் 'செல்வக் கோமகன்கள்' என்றே அழைத்தனர். உப்பும், தானியமும், மலைச் சுரங்கங்களும் அவர்களுடைய பண்டகசாலையை நிரப்பின. அக்கிளையின் கோமகனாகிய லூட்விக் கல்வியிலும் நாட்டமுடையவன். 1472 இல் இங்கோல்ஸ்ராட் நகரிலே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியவன். அவன் மகன் ஜார்ஜ். யாத்விகாவின் தாயாகிய எலிசபெத்துக்கு லூட்விக் அத்தை மகன். இந்த இரத்த உறவு காரணமாகத் திருமணத்துக்குப் பாப்பரசரின் சிறப்பு அனுமதி பெறவேண்டியிருந்தது. 1474 ஆம் ஆண்டின் இறுதி நாட்களிலே போலந்தின் றாடொம் நகரில் திருமணப் பத்திரம் நிறைவேறியது. சீதனம் 32,000 பொற்காசுகள் என்று விதிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்திலே யாத்விகா புறப்பட்டாள். கிராக்கோவிலிருந்து போஹேமியாவினூடாக நேரே செல்லாமல், வடக்கே பொஸ்னான் நகருக்குச் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி, சாக்ஸனியைச் சேர்ந்த விட்டன்பேர்க்கை அடைந்தனர் அவளது பரிவாரத்தினர். அங்கே மாப்பிள்ளை வீட்டார் எதிர்கொண்டு அவளை ஏற்றுக்கொண்டனர். முழுப் பயணமும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் எடுத்தது. அப்பொழுது அவளுக்கு வயது பதினெட்டு, ஜார்ஜுக்கு இருபது.

1475 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 14 ஆந் திகதி அவள் லான்ட்ஸ்ஹூட் நகருக்குள் அழைத்துவரப்பட்டாள். அன்றே புனித மார்ட்டின் ஆலயத்தில் திருமணம் நடந்தது. சால்ஸ்பேர்க் பேராயர் அதனை நிறைவேற்றி வைத்தார். சக்கரவர்த்தி மூன்றாம் பிரெடெரிக் தானே நேரில் வந்திருந்தான். அவனுடைய மகன், பதினாறு வயது நிரம்பிய மாக்சிமிலியனும் விருந்தினருள் ஒருவன். அந்தப் பெயரைத் தாங்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அந்தக் கலியாணத்தின் சிறப்பை எழுதி வைத்தவர் ஹான்ஸ் ஸெய்போல்ட் என்னும் எழுத்தர். அவருடைய குறிப்புகளின்படி 323 எருதுகளும், 490 கன்றுகளும், 11,500 வாத்துகளும், 40,000 கோழிகளும் விருந்துக்குச் செலவாயின. முட்டைகள் மட்டும் 194,345. மொத்தச் செலவு 60,766 பொற்காசுகள்! பேசப்பட்ட சீதனத்திலும் கலியாணச் செலவே பெரிதாயிற்று. ஆயினும், செல்வக் கோமகன் அதனைப் பொருட்படுத்தவில்லை. சக்கரவர்த்தியின் முன்னிலையிலே தன் வீட்டின் பெருமையை நிலைநாட்டுவதற்கு அவன் கொடுத்த விலை அது.

ஒவ்வொரு முட்டையையும் எண்ணி எழுதிய அந்தக் காலம், இரண்டு மாதம் பயணஞ் செய்து வந்த அந்தப் பெண்ணின் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை எழுதி வைக்கத் தவறிவிட்டது.

லூட்விக் 1479 இல் இறக்க, ஜார்ஜ் ஆட்சிக்கு வந்தான். யாத்விகாவோ லான்ட்ஸ்ஹூட் அரண்மனையில் வாழவில்லை. சால்சாக் ஆற்றுக்கு மேலே, ஒரு நீண்ட மலைமுகட்டில் அமைந்த பேர்க்ஹவுசன் கோட்டையே அவளுடைய இல்லமாயிற்று. ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது அக் கோட்டை. கணவன் அவளை வெறுத்து அங்கே சிறை வைத்தான் என்றும், அவள் கண்ணீரிலே வாழ்ந்து மடிந்தாள் என்றும் பிற்காலத்தில் ஒரு கதை எழுந்தது. கதையாகக் கேட்கும்போது அது நெஞ்சை உருக்கும். ஆனால், அக் கோட்டையின் பழைய கணக்கேடுகளைப் புரட்டிய ஆராய்ச்சியாளர் அதனை ஏற்கவில்லை. பேர்க்ஹவுசன், அந்தக் குலத்தின் பெண்கள் வாழ்வதற்கென்றே அமைந்த இரண்டாம் அரண்மனை. ஜார்ஜின் தாயாகிய அமாலியாவும் அங்கேதான் வாழ்ந்தாள். யாத்விகாவுக்கு அங்கே தனிப் பரிவாரமும் ஏவலாளரும் இருந்தனர். அவள் சிறைக் கைதியல்லள்.

ஆயினும் அவள் வாழ்வில் துயரமில்லை என்று கூறுவதற்கில்லை. அவள் பெற்ற ஆண் மக்களுள் எவரும் தந்தைக்குப் பின் அரசாள உயிரோடிருக்கவில்லை. எஞ்சியவர்கள் எலிசபெத், மார்கரெட் என்னும் இரண்டு பெண்கள். மார்கரெட் துறவு மடம் புகுந்தாள். நாடு யாருக்கு என்ற கேள்வி எழுந்தது.

குலத்து உடன்படிக்கைகளின்படி, ஆண் வாரிசின்றி ஒரு கிளை அற்றுப்போனால் அதன் நாடு மற்றக் கிளைக்குச் சேரவேண்டும். அவ்வாறாயின் அது மியூனிக்கை ஆண்ட நான்காம் அல்பிரெக்ட்டுக்கு உரியது. ஆனால், ஜார்ஜ் 1496 இல் ஒரு மரண சாசனம் எழுதித் தன் மகள் எலிசபெத்தை வாரிசாக்கினான். 1499 இல், ரைன் பிரதேசத்தை ஆண்ட உறவுக் கிளையைச் சேர்ந்த ருப்ரெக்ட் என்பவனுக்கு அவளை மணஞ்செய்து கொடுத்தான். யாத்விகா 1502 ஆம் ஆண்டு பெப்ருவரி 18 ஆந் திகதி பேர்க்ஹவுசனில் இறந்தாள். அண்மையிலுள்ள றைட்டன்ஹாஸ்லாக் மடாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டாள். அடுத்த ஆண்டு இறுதியில் ஜார்ஜும் மறைந்தான்.

போர் மூண்டது. கிராமங்கள் எரிந்தன. 1504 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ருப்ரெக்ட்டும், செப்தெம்பரில் எலிசபெத்தும், ஒரு மாத இடைவெளிக்குள் நோயினால் மாண்டனர். தாய் தந்தையரை இழந்து நின்றவர்கள் இரு சிறுவர். மூத்தவனாகிய ஒட்ஹைன்ரிக்குக்கு வயது இரண்டு, இளையவனாகிய பிலிப்புக்கு ஒன்றும் நிரம்பவில்லை. 1505 இல் கொலோன் நகரிலே தீர்ப்பு வழங்கியவன் யார் தெரியுமா? அன்று கலியாண விருந்தில் அமர்ந்திருந்த அதே மாக்சிமிலியன். இப்பொழுது அவன் ஜேர்மனியின் மன்னன். நாட்டின் பெரும் பகுதி அல்பிரெக்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்புக் கூறிய மாக்சிமிலியனும் வெறுங்கையோடு போகவில்லை. சுரங்கச் செல்வம் மிக்க ராற்றன்பேர்க், கிற்ஸ்பூயல் ஆகிய இடங்களையும், குவ்ஸ்ரைன் கோட்டையையும் தனக்கென எடுத்துக்கொண்டான். அநாதைச் சிறுவர் இருவருக்கும் நொய்பேர்க்கைத் தலைநகராகக் கொண்ட ஒரு சிறு நாடு ஒதுக்கப்பட்டது.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில், கடன் சுமை அழுத்த, பாட்டியின் சீதனப் பத்திரத்தோடு கிராக்கோவுக்குப் போனவன். பல்லாயிரம் பொற்காசு செலவழித்துச் சக்கரவர்த்திக்கு விருந்திட்ட வீட்டின் பேரன், 32,000 பொற்காசுக்காகக் கடுங் குளிரிலே போஹேமியாவையும் சிலேசியாவையும் கடந்து சென்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். திரும்பும் வழியில் அவன் விட்டன்பேர்க்கையும் கண்டான். அவன் பாட்டியை அவன் குலத்தார் கையேற்ற நகரம் அது. அப் பயணத்தில் வரையப்பட்ட ஏறக்குறைய ஐம்பது நகரக் காட்சிகள் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. கொடுபடாத ஒரு சீதனம், அக்கால மத்திய ஐரோப்பிய நகரங்கள் எவ்வாறிருந்தன என்பதை நமக்குக் காட்டும் அரிய சாட்சியத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

லான்ட்ஸ்ஹூட் மக்கள் 1903 ஆம் ஆண்டு முதல் அந்தத் திருமணத்தைத் தம் வீதிகளில் மீண்டும் நடித்துக் காட்டி வருகின்றனர். இப்பொழுது அவ்விழா நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறுவது வழக்கம். ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் பதினைந்தாம் நூற்றாண்டின் உடையணிந்து ஊர்வலம் வருவர். நகரத்துப் பெண் ஒருத்தி மணமகளாக வண்டியில் அமர்ந்து வருவாள். மக்கள் ஆரவாரிப்பர். ஊர்வலம் கலியாணத்தோடு முடிந்துவிடும். யாத்விகாவுக்கோ அதன் பின் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்வதற்கு இருந்தன.

பாடசாலையிலே சரித்திரம் கற்பிக்கும் நாங்கள், இன்ன மன்னன் மகளை இன்ன மன்னன் மணந்தான், அதன் விளைவுகள் மூன்று என்று இலக்கமிட்டு மாணவரை மனனஞ் செய்ய வைக்கின்றோம். நானும் பல்லாண்டுகளாக அவ்வாறே செய்தவன். யாத்விகாவின் திருமணத்துக்கும் அப்படி விளைவுகளை எழுதலாம். நாடுகளை இணைப்பதற்கென்று செய்த சம்பந்தம் நாட்டைப் பிளக்கும் போரிற் போய் முடிந்தது; வாக்களித்த சீதனம் அவள் கண் மூடும் வரையில் வந்து சேரவில்லை. பரீட்சைக்கு அவ்வளவும் போதும். ஆனால், அந்த விடையை எழுதி முடித்த பின், பதினெட்டு வயதிலே தாய் மொழியையும், பெற்றோரையும், சகோதர சகோதரிகளையும் விட்டு வந்து, ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாரிகளைக் கழித்த ஒரு பெண் அதனுள்ளே இருக்கிறாள் என்பதையும் நம் பிள்ளைகள் சற்று எண்ணிப் பார்ப்பார்களானால், அவர்கள் சரித்திரத்தை நன்கு படித்தவராவர்.