பொறி, பெட்ரோல், அழுத்தம்: பழுதைத் தேடும் ஒழுங்கு

பழைய எஞ்சினும் வீட்டுப் பராமரிப்பும் – 8

பழைய கார் ஒன்று கிளம்ப மறுக்கும்போது, எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று ஊகித்து அதை மாற்றிவிடுவதும், ஊகம் பொய்த்தால் அடுத்த பாகத்தை மாற்றுவதும் பரவலாகக் காணப்படும் வழக்கம். இவ்வழியில் பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, பழுதில்லாத பாகங்கள் தேவையின்றிக் கழற்றப்படுகின்றன. அவற்றுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் புதிய பாகங்களில் தரக்குறைவானவையும் இருப்பதால், தொடக்கத்தில் ஒன்றாக இருந்த பழுது இரண்டாகவும் மூன்றாகவும் பெருகுகிறது. சோதித்து அறிந்த பின்னரே ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்பதும், சோதனைகளுக்கு ஒரு வரிசை உண்டு என்பதும் இப்பகுதியின் கருத்து.

இதை விளக்க அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பொருத்தமான எடுத்துக்காட்டு. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வடிவமைப்பைக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசடர், 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. அதன் இந்த எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது, நான்கு சிலிண்டர்களும் ஒரே நேர்வரிசையில் அமைந்தது, 73 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 88.9 மி.மீ. தூரம் மேலும் கீழும் செல்வது. கணினியோ உணர்கருவியோ இதில் இல்லாததால், ஒவ்வொரு பாகத்தின் செயலையும் கண்ணால் கண்டும், காதால் கேட்டும், எளிய கருவிகளால் அளந்தும் அறிந்துகொள்ள முடிகிறது.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று தேவைகள் உள்ளன: உரிய விகிதத்தில் காற்றோடு கலந்த பெட்ரோல், அக்கலவையை இறுக்கும் அழுத்தம், இறுகிய கலவையை உரிய கணத்தில் பற்றவைக்கும் பொறி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சாவியைத் திருப்பி அணைத்ததுபோலச் சட்டென்று நின்றால் மின்பகுதியையும், திணறித் திணறி வலுவிழந்து நின்றால் பெட்ரோல் பகுதியையும் முதலில் ஐயுற வேண்டும். அழுத்தம் பெரும்பாலும் மெதுவாகவே குறைவதாலும், அதைச் சோதிப்பதில் உழைப்பு கூடுதல் என்பதாலும், அது வரிசையில் கடைசியாக வைக்கப்படுகிறது.

முதற்சோதனை: பொறி

பொறியைத் தேடுவதற்கு முன் பேட்டரியைப் பார்த்துவிட வேண்டும். முழுதாக மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் மோட்டார் சுழலும்போது அது 10 வோல்ட்டுக்கு மிகவும் கீழே இறங்கினால், பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கலாம். முனையங்களில் படிந்த வெண்பூஞ்சை போன்ற உப்பும், எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையின் துருவும் பேட்டரிக் கோளாறு போலவே தோற்றமளிப்பதால், அவற்றைச் சுரண்டித் துப்புரவு செய்த பின்னரே பேட்டரியைக் குறை கூற வேண்டும்.

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துவது காயில்; அந்த உயர் மின்னழுத்தத்தை நான்கு பிளக்குகளுக்கும் 1-3-4-2 என்னும் வரிசையில் பங்கிட்டுத் தருவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் இருக்கும் பாயிண்ட் என்பது, நடுத்தண்டு சுழலச் சுழலத் திறந்து மூடும் சிறிய தொடுமுனை. அது திறக்கும் கணத்தில் காயிலின் முதற்சுற்றில் ஓடும் மின்னோட்டம் அறுபட்டு, இரண்டாம் சுற்றில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. மின்னோட்டம் பாயிண்டின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாக வீணாகாதபடி ஒரு கணம் தன்னுள் வாங்கிக்கொள்வது கண்டன்சர். இவ்வகை மின்கருவிகளைச் சென்னை பாடியில் தயாரிக்கும் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டது என்பதால், இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய கார்களின் பொறிக்கும் தமிழ்நாட்டுத் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சோதனை எளியது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் நுழையும் தடித்த ஒயரை உருவி, காப்பிட்ட குறட்டால் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் இரும்புப் பகுதியிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி வைத்துச் செல்ஃபை இயக்கினால், நீலம் கலந்த வெண்ணிறப் பொறி ‘டக் டக்’ என்று பாய வேண்டும். அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கும்போது இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது. இங்கே பொறி நன்றாக இருந்து பிளக்கில் இல்லையெனில், கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ, ரோட்டாரிலோ, பிளக் ஒயர்களிலோ உள்ளது. மழைக்காலத்தில் மூடியின் உட்புறம் ஈரம் படிவதும், மயிரிழை போன்ற கருங்கோடாக மின்சாரம் கசிந்தோடும் விரிசல் விழுவதும் இதற்குக் காரணமாகின்றன. இங்கேயே பொறி இல்லை என்றாலோ, மஞ்சளாக மெலிந்திருந்தாலோ, பாயிண்டையும் கண்டன்சரையும் காயிலையும் அந்த வரிசையில் பார்க்க வேண்டும். புதிய பாயிண்ட் சில நாள்களிலேயே கருகிப்போனால், பழுது பெரும்பாலும் கண்டன்சரில் இருக்கும்.

பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் இடைவெளி 0.36 முதல் 0.41 மி.மீ. வரையிலும், பிளக்கின் இடைவெளி சுமார் 0.64 மி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். இவற்றை அளப்பது ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுதி. பாயிண்டின் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறைந்து, அது திறக்கும் கணம் பிந்துகிறது. அதனால் பொறியும் பிந்தி, எஞ்சின் வலுவிழந்து, தேவைக்கு மேல் சூடாகிறது. ஏற்றத்தில் திணறும் வண்டிக்குக் கார்பரேட்டரைப் பிரிப்பதற்கு முன் இந்த இடைவெளியை அளந்துவிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் சோதனை: பெட்ரோல்

பொறி உறுதியான பின், பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்பில், கேம்தண்டின் மேடு ஒன்று நெம்புகோலைத் தள்ள, அதனால் ஏறி இறங்கும் டயாபிரம் என்னும் நெகிழ்தகடு டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்பரேட்டருக்கு அனுப்புகிறது. கார்பரேட்டரில் நுழையும் குழாயைக் கழற்றி ஒரு புட்டிக்குள் விட்டு, பொறி எழாதபடி காயிலின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செல்ஃபை இயக்கினால், பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் பம்ப், வடிகட்டி, டாங்கு மூடியின் காற்றுத்துளை ஆகியவற்றைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே செல்லலாம். பீய்ச்சினால் கோளாறு கார்பரேட்டருக்குள் உள்ளது. கோடையில் எஞ்சினின் சூட்டால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை மறிப்பது ஆவி அடைப்பு. பம்பின்மீது ஈரத்துணி போட்டுச் சற்று நேரம் பொறுத்தால் வண்டி கிளம்பிவிடுவதே அதன் அடையாளம்.

இன்றைய பெட்ரோலின் இயல்பையும் இங்கே கருத வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து பரவியுள்ளது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்பரேட்டரின் அதே ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளையில், கலவை முன்பைவிடப் பெட்ரோல் குறைந்ததாக அமைகிறது. பழங்கால ரப்பர்க் குழாய்களும் டயாபிரங்களும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பியோ வெடித்தோ போகின்றன. எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் நீர் தனியே பிரிந்து அடியில் தங்கக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிக்கொள்வதும், கண்ணுக்குத் தெரியும் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதும், வண்டியை நெடுநாள் நிறுத்திவைக்காமல் ஓட்டுவதும் இன்று தவிர்க்க முடியாத பராமரிப்பு.

மூன்றாம் சோதனை: அழுத்தம்

எஞ்சின் ஓடினாலும் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் குலுங்குவதை மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பிளக் ஒயர்களைக் காப்பிட்ட குறட்டால் ஒவ்வொன்றாக உருவி மீண்டும் மாட்ட வேண்டும். எந்த ஒயரை உருவினால் ஓட்டத்தில் மாற்றம் ஏற்படவில்லையோ, அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. அதன் பிளக்கை மாற்றிப் பார்த்தும் நிலை மாறாவிட்டால், அழுத்தமானியை எடுக்க வேண்டும்.

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடே இங்கு முதன்மையானது. ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால், பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் தேய்ந்துள்ளன, ஏனெனில் அந்த இடுக்கை ஆயில் தற்காலிகமாக அடைக்கிறது. உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் ஒருசேரக் குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கட் கருகியிருப்பது பெரும்பாலும் உறுதி.

வால்வு மூடாமைக்கு வீட்டிலேயே நீக்கக்கூடிய ஒரு காரணம், டாப்பட் இடைவெளி குறைந்துபோவது. வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையில் இந்த எஞ்சினில் 0.38 மி.மீ. இடைவெளி வேண்டும், சூட்டால் உலோகம் நீளும்போதும் வால்வு தன் இருக்கையில் முழுதாகப் பதிவதற்கு அந்த இடைவெளியே இடம் தருகிறது. முற்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், வெளியேற்று வால்வின் இருக்கையின்மேல் மெல்லிய காப்பாகப் படிந்திருந்தது. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுவதால், காற்றுக்கும் மக்கள் உடல்நலத்துக்கும் பெருநன்மை விளைந்தது; ஆனால் காப்பிழந்த வார்ப்பிரும்பு இருக்கைகள், நெடுந்தூர வேக ஓட்டத்தில் தேய்ந்து உள்வாங்கக்கூடியவை ஆயின. இருக்கை உள்வாங்கினால் வால்வு மேலேறி, டாப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே, டாப்பட் சத்தம் தானாகக் குறைந்தால் எஞ்சின் தேறிவிட்டதாக மகிழலாகாது. வால்வு கருகுவதற்கு முன்னால் கிடைக்கும் எச்சரிக்கையாகவும் அந்த அமைதி இருக்கலாம். இடைவெளி மீண்டும் மீண்டும் குறையுமானால், லேத் பட்டறையில் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவதே நிலையான தீர்வு.

எட்டு வால்வுகளின் இடைவெளியை அளக்க, ஒன்பதின் விதி எனப்படும் எளிய கணக்கு உதவுகிறது. முன்புறத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணிட்டு, அளக்க வேண்டிய வால்வின் எண்ணை 9-இலிருந்து கழித்தால், எந்த வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும் என்பது கிடைக்கும். 8-ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1-ஆம் வால்வையும், 6-ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3-ஆம் வால்வையும் அளக்கலாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டால், எஞ்சினை ஹேண்டில் போட்டுக் கையாலேயே எளிதாகச் சுற்ற முடியும்.

குறிப்பேடு என்னும் கருவி

மேற்கண்ட அளவுகள் ஒரு முறை எடுக்கப்பட்டு மறக்கப்பட்டால் அவற்றின் பயன் பாதியே. தேதி, ஓடிய கிலோமீட்டர், பாயிண்ட் இடைவெளி, எட்டு வால்வுகளின் இடைவெளி, நான்கு சிலிண்டர்களின் அழுத்தம், பிளக்குகளின் நிறம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், பழுது நேர்வதற்கு முன்பே அதன் போக்கு புலப்படும். பழுப்பு நிறப் பிளக் நலத்தைக் காட்டும்; உலர்ந்த கருங்கரி பெட்ரோல் மிகுதியையும், ஈரமான கருமை ஆயில் கசிவையும், வெளிறிய வெண்மை பெட்ரோல் குறைவையோ மிகை வெப்பத்தையோ காட்டும். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துவருவதை எண்களே சொல்லிவிடும்போது, அந்த வண்டியின் அடுத்த பழுது எது என்பதை ஊகிக்க வேண்டிய தேவை உரிமையாளருக்கு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, அதன் விளைவைப் பார்த்து எழுதிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும் என்னும் விதி, இக்குறிப்பேட்டின் நம்பகத்தன்மையைக் காக்கும் விதியும் ஆகும்.

அடுத்த வாரம்: ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், நீர் பம்ப் – எஞ்சின் சூடேறுவதற்கான காரணங்கள்.

(தொடரும்)