இருளில் காணும் இரட்டைக் கண்

இராசபாளையத்து வெள்ளை நாயை நீங்கள் அறிவீர்கள். என் பாட்டனார் மாந்தோப்பில் அத்தகைய நாய் ஒன்று இருந்தது. கும்மிருட்டில் வேலியோரம் அயலான் காலடி பட்டால் குரைத்துவிடும். நாய் செவியாலும் மூக்காலும் அறிவதை ஒரு கருவி கண்ணால் எவ்வாறு அறிகிறது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூலார் கதிரவன் ஒளியைப் பட்டகத்தால் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். நம் உடலும் அக்கதிரை இரவும் பகலும் வீசிக்கொண்டே இருக்கிறது.

திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்தது. புலிகளைக் கணக்கெடுக்கும் காடுகளில் ஒற்றையடிப் பாதையின் இருமருங்கிலும் எதிரெதிரே காமிராக்களைக் கட்டுவர். வெப்பமுள்ள உடல் அசைந்து கடந்தால் அவை தாமே படம் எடுக்கும். புலியின் இடப்புற வரியும் வலப்புற வரியும் ஒன்றல்ல. ஆகவே இரண்டு வேண்டும். எனினும் இவை இரட்டைக் காமிராக்களே அன்றி, இரட்டைக் கண் அல்ல.

இரட்டைக் கண் வேறு. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். தொலைவிலுள்ள ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு முன்னே விரல் இங்கும் அங்கும் தாவும். விரலை நெருக்கினால் தாவல் பெருகும், அகற்றினால் சுருங்கும். அருகருகே பொருத்திய இரு காமிராக்களும் இத்தாவலையே அளக்கின்றன. தாவல் இருமடங்கானால் தொலைவு பாதி.

இதனால் என்ன பயன்? ஆடிப்பூரத் தேரோட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒற்றை வெப்பக் காமிராவில், இருவர் ஒருவரையொருவர் கடக்கும்போது இரு உருவமும் ஒரே வெண்திட்டாகிவிடும். பிரிந்தபின் எவர் எவரென்று சொல்ல இயலாது. தொலைவும் தெரிந்தால், முன்னவர் 8 மீட்டரிலும் பின்னவர் 10 மீட்டரிலும் நிற்பது விளங்கும். நடப்பவர் அடுத்த நொடியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்குள்தான் இருப்பார். கருவி அங்கேயே தேடித் தொடர்கிறது.

இடர்களும் உண்டு. சித்திரை வெயிலில் பாறையும் தார்ச்சாலையும் உடலளவு சூடேறினால், மனிதன் பின்புலத்தோடு கலந்து மறைகிறான். வெப்பப் படத்தில் துணியின் கோடும் கட்டமும் தெரிவதில்லை. ஆகவே இடப் படத்துப் புள்ளிக்கு வலப் படத்தில் இணை கண்டுபிடிப்பது கடினம். வேறொரு வகைக் கருவியில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு விளக்கால் புள்ளிக்கோலம் ஒன்றை எதிரே வீசி இக்குறையைத் தீர்ப்பர். நம் வீட்டு வாசற்கோலம்போல் அது அழகாக இராது. ஆனால் அளக்க உதவும்.

2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்தனர். பதிந்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலிப் படங்கள் 76,651 மட்டுமே. காமிரா புலியென்றும் விறகு பொறுக்கும் பெண்ணென்றும் பாராது. வடக்கே கார்பெட் காட்டைப் பற்றி 2024-இல் வெளிவந்த ஆய்வொன்று, காமிராவுக்கு அஞ்சிப் பெண்கள் காட்டில் பாடுவதையும் உரக்கப் பேசுவதையும் குறைத்துக்கொண்டனர் என்கிறது. விலங்குகளை விலக்க அந்தக் குரலே அவர்களுக்கு அரணாக இருந்தது!

தொலைவை மட்டும் காட்டும் படத்தில் முகம் அடையாளம் தெரிவது அரிது. எத்தனை பேர், எங்கே, எப்பக்கம் நகர்கின்றனர் என்று அறிய அது போதும். தேர்வீதிக்கு அதற்குமேல் வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.