தண்டவாளம் போச்சு, பலகை நிக்குது



பேராக்கில் தைப்பிங்கிலிருந்து கடலைப் பார்த்து மேற்கே போனால் கோலா செபெத்தாங் என்ற மீன்பிடிக் கிராமம் வரும். பள்ளி விடுமுறையில் மீன், நண்டு சாப்பிட நம்மவர்களும் குடும்பத்தோடு போகிறார்கள். அங்கே பழைய ரயில் ஸ்டேஷன் பலகை ஒன்று இன்னும் நிற்கிறது. ‘போர்ட் வெல்ட்’ என்ற பழைய பெயர் அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்திலும் இருக்கிறது. டிக்கெட் கொடுத்த சின்ன அறையும் மிச்சம் இருக்கிறது. ரயில் இல்லை. தண்டவாளமும் இல்லை.

நாம் அங்கே போயிருந்தபோது ஒரு சிறுவன் தன் தகப்பனாரிடம், “ஏம்ப்பா, இங்க தமிழ்ல எழுதியிருக்கு?” என்று கேட்டான். அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தெரியலய்யா. முன்ன நம்ம ஆளுங்க இருந்திருப்பாங்க” என்றார்.

இருந்திருப்பாங்களா? இருந்தார்கள் ஐயா! அதைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறோம்.

எட்டு மைல் பாதை

அந்தக் காலத்தில் லாருட் பக்கம் பூமியில் ஈயம் கொட்டிக் கிடந்தது. ஆனால் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியும் யானையும்தான். மழை பிடித்தால் வழியெல்லாம் சேறு. சர் ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் இதற்கு ஒரு முடிவு வந்தது. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ரயில் ஓடியது. சிம்பாங், மாத்தாங் வழியாக மொத்தம் 8 மைல்; இன்றைய கணக்கில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். மலாயாவின் முதல் ரயில் பாதை இதுதான். கோலாலம்பூருக்கே மறு ஆண்டு, 1886ல்தான் ரயில் வந்தது.

துறைமுகத்துக்குக் கவர்னர் சர் பிரெடரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். சரி, பாதை போட்டது யார்? இலங்கையிலிருந்து பயனியர் படையின் இரண்டு பிரிவுகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். கடல் பக்கம் நெருங்க நெருங்கச் சதுப்பு நிலம், பாக்காவ் மரக் காடு, கொசுக்கடி. அங்கே மண் சுமந்து கரை கட்டி, கட்டை போட்டு, இரும்பை இறக்கினார்கள். கவர்னர் பெயர் ஊருக்கு ஆச்சு. மண் சுமந்தவன் பெயர் எதற்கும் ஆகவில்லை.

பிறகு நாடு முழுக்க ரயில் நீண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள் கேங் வேலையில் சேர்ந்தார்கள். வெயிலோ மழையோ, தண்டவாளத்தோடு நடந்து போய் ஆணி தளர்ந்ததா என்று பார்ப்பது, கட்டைக்கடியில் கல் திணிப்பது, புல் வெட்டுவது எல்லாம் அவர்கள் பாடு. ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி உத்தியோகங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் இருந்தார்கள். ஆகவே பலகையில் தமிழ் ஏறியது யாரோ போட்ட பிச்சை அல்ல. அது உழைத்தவன் மொழி.

ஏன் மூடினார்கள்?

1903க்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை பெரிய லைன் சேர்ந்துவிட்டது. தைப்பிங் சரக்கு பிறைக்குப் போய்ப் பெரிய கப்பல் ஏற வழி பிறந்ததும், போர்ட் வெல்டின் மவுசு குறைந்தது. ஈய வேலையும் கிந்தா பக்கம் நகர்ந்தது. பின்னர் சடக்கு வந்தது, லாரி வந்தது. சின்ன லைனுக்கு என்ன வேலை? 1980களில் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஊர் பெயரும் கோலா செபெத்தாங் என்று மாறியது. பலகை மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது.

இந்த லைனாவது வயசாகிப் போனது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905ல் போட்ட லைனின் கதை கேட்டால் வயிறு எரியும். ஜப்பான்காரன் காலத்தில் அதன் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதைக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்தும் பல்லாயிரம் பேரை வண்டி ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவர்கள் அங்கேயே போனார்கள். இரும்பும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. மலாக்கா பட்டணத்துக்கு அதன் பிறகு ரயில் வரவே இல்லை.

நம் வீட்டுப் பலகை

இதையெல்லாம் ஏன் தோட்டத்து மக்களுக்குச் சொல்கிறோம்? தோட்டமும் அந்த லைன் போலத்தான். எத்தனையோ தோட்டங்களில் லயத்தை இடித்தார்கள், கித்தா மரத்தை வெட்டினார்கள், தாமான் கட்டினார்கள். ஒரு கோவில் நின்றால் அதிர்ஷ்டம். நாளைக்கு நம் பேரப்பிள்ளை அந்தக் கோவிலைப் பார்த்து, “இங்க ஏன் கோவில் இருக்கு?” என்று கேட்பான். அப்போதும் “யாராவது இருந்திருப்பாங்க” என்று சொல்லப் போகிறோமா?

செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறோம். பள்ளிக்கூட நோட்டு ஒன்று எடுங்கள். தாத்தா பாட்டி பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பால் வெட்டா, கேங் வேலையா, சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார் என்று பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாத ஆயா சொல்லட்டும், பள்ளிக்குப் போகும் பேத்தி எழுதட்டும். பழைய அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, படம் இருந்தால் குப்பையில் போடாதீர்கள்.

கோலா செபெத்தாங் போனால் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளை அந்தப் பலகை முன் நிறுத்துங்கள். தமிழ் எழுத்தைக் காட்டுங்கள். “இது நம்ம ஆளுங்க போட்ட பாதைய்யா” என்று சொல்லுங்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுக்கலாம். பிள்ளை மனதில் போட்டதை யார் பெயர்க்க முடியும்?