ராணுவத்தில் கேலி எப்போது குற்றமாகிறது?

என்சிக்கைப் போல நடந்து காட்டிச் சிரிக்காத தேசிய சேவையாளர் அநேகமாக இருக்க மாட்டார். அந்தச் சிரிப்பு எங்கே அவமதிப்பாகிறது? அமெரிக்க ராணுவச் சட்டத்தின் 89ஆவது பிரிவு, மேலதிகாரி எதிரில் இல்லாவிட்டாலும் அவரை அவமதிப்பது குற்றம் என்கிறது. 'உண்மையைத்தானே சொன்னேன்' என்ற வாதம் எடுபடாது. முற்றிலும் தனிப்பட்ட பேச்சை மட்டும் பொதுவாக விட்டுவிடுவார்கள்.

ஆப்கானிஸ்தானில் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் மெக்கிரிஸ்டல், 'பைடனா, யார் அது?' என்ற பாணியில் துணையதிபரைக் கிண்டலடிக்க, உதவியாளர் ஒருவர் அந்தப் பெயரையே திரித்துச் சிரித்தார். அதுவும் ரோலிங் ஸ்டோன் செய்தியாளர் பக்கத்தில் இருக்கும்போது! கட்டுரை வெளியானது. வழக்கு இல்லை, ஆனால் 2010 ஜூன் 23ஆம் தேதி ஜெனரலின் பதவி விலகலை அதிபர் ஒபாமா ஏற்றார். ராணுவம் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டது என்ற அடிப்படையையே அத்தகைய நடத்தை குலைக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.