உங்களுக்குத் தெரியுமா? ஓர் உருபு, மூன்று இங்கிலீஷ்!

சின்ன காஞ்சிபுரத்தில், சன்னதி தெருவில், வரதர் கோயிலில் என்று 'இல்' ஒன்றை வைத்தே ஊரைச் சுற்றிவிடுகிறோம். இங்கிலீஷில் ஊருக்கு 'இன்', தெருவுக்கு 'ஆன்', கோயிலுக்கு 'அட்'. தெருவில் மட்டும் ஒரு தகராறு: அமெரிக்கர் 'ஆன்' என்பார், பிரிட்டிஷ்காரர் 'இன்' என்பார். கதவிலக்கம் சேர்ந்துவிட்டால் இருவருக்கும் 'அட்'தான்.

*

செல்போனில் 'அட் தி டெம்பிள்' என்று சொன்னவர் கோபுரத்துக்கு வெளியே பூக்கடையில்கூட நிற்கலாம். 'இன் தி டெம்பிள்' என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நூற்றுக்கால் மண்டபம் பக்கம் தேட வேண்டியதுதான்.

*

'பை'யா, 'வித்'தா? விடை நன்னூலிலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் பிரித்து வைத்திருக்கிறார் பவணந்தியார். தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம். இங்கிலீஷ் வகுப்பில் அதை எடுத்து நீட்டுவாரில்லை.

கோர்வைப் புடவை நெய்யும் தறியைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், இரு பக்கக் கரையும் வேறு நிறம். ஆகவே நாடா மூன்று ஓடும். கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். நெசவாளியால் நெய்யப்பட்டது: அவர் கருத்தா, எனவே 'பை'. மூன்று நாடாவால் நெய்யப்பட்டது: அது கருவி, எனவே 'வித்'. உதவியாளோடு நெய்தார்: உடனிகழ்ச்சி, மறுபடியும் 'வித்'. கையால் நெய்தார்? அங்கேதான் இங்கிலீஷ் காலை வாருகிறது: 'பை ஹேண்ட்'! கையும் கருவிதானே என்று வாதாடிப் பயனில்லை.

*

புடவை 'மேட் ஆஃப்' பட்டு. பட்டு கண்ணுக்குத் தெரிகிறது. காஞ்சிபுரம் இட்லி 'மேட் ஃப்ரம்' அரிசியும் உளுந்தும். ஆட்டியபின் இரண்டும் உருமாறிவிட்டன. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்ததைச் சொல்ல 'வித்'.

*

ஆட்டோவில் போனால் 'இன்', பஸ்ஸில் போனால் 'ஆன்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கெல்லாம் பெரும்பாலும் 'ஆன்'தான். உட்கார இடம் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

*

1979-இல் அனந்தசரஸ் குளத்துக்குள் போன அத்திவரதர் மறுபடி தரிசனம் தந்தது 2019-இல். நீருக்குள் இருந்த 40 ஆண்டு என்பது கால அளவு, அதற்கு 'ஃபார்'. 1979 என்பது தொடங்கிய புள்ளி, அதற்கு 'சின்ஸ்'. 'சின்ஸ் ஃபார்ட்டி இயர்ஸ்' என்பது நம் நாட்டில் சர்வசாதாரணம், இலக்கணத்தில் இடமில்லை. அதே திருவிழாவில் இன்னொன்று: 2019-க்கு 'இன்', ஜூலைக்கும் 'இன்', ஜூலை 1 என்று தேதி வந்தால் 'ஆன்', மணி சொன்னால் 'அட்'.

*

ஜாக்கெட் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்: 'பை ஃப்ரைடே'. டெய்லர் கடை வெள்ளிக்கிழமை வரை லீவு: 'டில் ஃப்ரைடே'. தமிழிலேயே இரண்டும் தனித்தனியாக இருக்கும்போது இதில் தவறுவது கொஞ்சம் அநியாயம். 'வித்தின் ஃப்ரைடே' என்று வாட்ஸ்அப்பில் ஓடுவது நம்மூர்த் தயாரிப்பு. 'வித்தின்' என்றால் பின்னால் 2 நாள், 1 வாரம் என அளவு வர வேண்டும்.

*

முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்களே, யாரோடு கல்யாணம் என்று நாம் கேட்டாலும் இங்கிலீஷில் 'மேரீட் வித்' கிடையாது, 'மேரீட் டு'தான். இதற்கும் நன்னூல் துணைக்கு வரும். 'இவருக்கு இவர் மனைவி' என்று உறவுமுறை சொல்வது நான்காம் வேற்றுமையான 'கு'வின் வேலைகளில் ஒன்று.

*

அண்ணாவின் நினைவு இல்லம் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். 'பிகாஸ்' அடுத்தடுத்து மூன்று முறை வரும்படி அவர் வாக்கியம் அமைத்தார் என்ற கதையைக் கேட்காத தமிழர் குறைவு. 'பிகாஸ்' இணைப்புச் சொல், வாக்கியத்தின் கடைசியில் நிற்காது என்பதுதான் அதன் சாரம். ப்ரிபோசிஷனும் கடைசியில் நிற்கக் கூடாது என்று ஒரு கட்சி உண்டு. 1672-இலேயே ஜான் டிரைடன் அதைக் குறையாகச் சொன்னார். பிற்பாடு வாத்தியார்கள் சட்டமாக்கிவிட்டார்கள். இன்றைய இலக்கண நூல்கள் அதைச் சட்டை செய்வதில்லை. பட்டுக்கடை வாசலில் 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார், சார்?' என்று வழிமறிக்கும் பையன் சரியாகத்தான் கேட்கிறான்.