உங்களுக்குத் தெரியுமா? வெளுத்த படத்துக்கும் கணக்கு உண்டு

ஒளி மிகுந்து வெளுத்த தோற்றம் வேண்டுமென்றால், கேமராவிலேயே ஒளியைக் கூட்டி எடுக்கக் கூடாது. 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 0 முதல் 255 வரை. மூன்றும் 255ஐத் தொட்டுவிட்டால் அங்கே மிஞ்சுவது வெறும் வெள்ளை. போன விவரம் போனதுதான். சித்திரை மாத உச்சிவெயிலில் எடுக்கும் படத்தில் முதலில் பறிபோவது வானமும் வெள்ளைச் சட்டையின் மடிப்புகளும்தான். அளவான ஒளியில், முடிந்தால் ரா வடிவில் எடுத்துவிட்டுப் பிறகு வெளுப்பதே நல்லது.

ஃபோட்டோஷாப்பில் இதற்கு அருமையான வழி உண்டு. படத்தின் லேயரை நகலெடுத்து, கலப்பு முறையை ‘ஸ்கிரீன்’ என மாற்ற வேண்டும். 128 ஆக இருந்த நடுச் சாம்பல் 192 ஆக உயரும். முழுக் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். படம் சோகை பிடிக்காமல் ஒளிர்வது இதனால்தான். முகம் கரைந்துபோனால் லேயர் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையை மெல்லத் தடவிக் கண்களையும் உதடுகளையும் மட்டும் மீட்கலாம். வெளுப்பு ஒட்டுமொத்தமாக மிஞ்சினால் மேல் லேயரின் ஒபாசிட்டியைக் குறைத்தால் போதும்.